தேங்காயெண்ணெய் குடித்த மெஷின்

ஒரு இடுப்புப் பெல்ட்டின் இரண்டு ஓரத்தையும் 4 மி.மீ. இடைவெளியில் கையால் தைத்தால் ஐந்நூறு தையலுக்கு மேல் வரும். ஒவ்வொரு தையலுக்கும் குத்தூசியால் ஒரு குத்து, பிறகு இரண்டு ஊசியும் எதிரெதிராக அதே ஓட்டைக்குள் போய் வர வேண்டும். எனக்கு இது மூன்று மணித்தியால வேலை. குளிரில் விரல் விறைத்துப் போனால் நாலு. போன வருடம் ஹட்டன் கடைக்காரர் ஒருவர் ஒரே தடவையில் இருபது பெல்ட் கேட்டார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, கொட்டகலைக்கு பஸ் ஏறிய பிறகுதான் கணக்குப் போட்டேன். அறுபது மணித்தியாலம்!

அன்றைக்குத்தான் மெஷின் வாங்குவதென்று முடிவானது. புதியது என்ற பேச்சுக்கே இடமில்லை. 2022இல் டொலர் ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு தோல் தைக்கும் புது மெஷினின் விலையைக் கேட்டால் காது அடைத்துப்போகும். ஆகவே பழையதுதான். எட்டு மாதம் தேடினேன். ஒன்றை வாங்கி நட்டத்தில் விற்றேன், ஒன்றை ஆசைப்பட்டும் விட்டுவிட்டேன், கடைசியில் ஓடவே ஓடாத ஒன்றை வாங்கினேன். அந்தக் கடைசி மெஷினில்தான் இப்போது வேலை நடக்கிறது.

முதலில் வீட்டில் இருந்ததையே பார்த்தேன். அம்மாவின் கறுப்பு சிங்கர், கால் மெஷின். சிங்கர் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. தவணைக்குக் கொடுத்துக் கொடுத்தே எங்கள் தோட்டத்து லயம் வரைக்கும் வந்து சேர்ந்தது. அம்மா கொழுந்துச் சம்பளத்தில் கட்டி முடித்த மெஷின் அது. அதில் தோல் தைப்பேன் என்றதும் அவருக்கு முகம் மாறியது. 'எட்டி நின்னு பார்த்துக்கோ' என்று நான் சொன்னது இன்னும் மோசமாகப் போயிற்று.

உண்மையைச் சொன்னால், அந்தக் கால் மெஷின் என்னை ஏமாற்றவில்லை. 1 மி.மீ. ஆட்டுத் தோல், இரண்டு மடிப்பு, 18ஆம் நம்பர் தோல் ஊசி, நடுத்தர நைலோன் நூல். அழகாகத் தைத்தது. பர்ஸ், கண்ணாடிக் கூடு, சின்னப் பைகள், இவ்வளவுதான் உங்கள் வேலை என்றால் இதோடு வாசிப்பதை நிறுத்திவிட்டு வீட்டிலிருக்கும் பழைய கால் மெஷினைத் துடைத்து எண்ணெய் போடுங்கள். காலால் மிதிப்பதில் ஒரு வசதி, ஒரு தையல் போட்டு நிறுத்தி, திருப்பி, இன்னொரு தையல் போடலாம்.

ஆனால் பெல்ட்டுக்கு 3 மி.மீ. மாட்டுத் தோலை இரண்டாக வைத்தேன். அழுத்தும் பாதத்துக்குக் கீழே தோலை நுழைக்கவே சண்டை. நுழைத்த பிறகு ஊசி உள்ளே போயிற்று, வெளியே வரவில்லை. சக்கரத்தைக் கையால் இழுத்தேன். ஊசி வளைந்து தட்டில் மோதி 'டிங்' என்றது. அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டார்:

"ஒடைஞ்சிச்சா?"

"ஊசிதான்."

"இன்னைக்கு ஊசி. நாளைக்கு?"

நாளைக்கு என்று ஒன்று வர விடவில்லை. மெஷினைத் துடைத்து மூடி வைத்துவிட்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய மெஷின் விற்பவர்கள் எல்லோரும் ஒரே வித்தையைத்தான் காட்டுவார்கள். ஜீன்ஸ் துணியை ஆறு, எட்டு மடிப்பாக மடித்து, 'பாருங்க தம்பி, இதையே தைக்குது, தோல் எல்லாம் ஒரு விஷயமா' என்பார்கள். துணியில் ஊசி இறங்கும்போது இழைகள் விலகி வழி விடும், ஊசி வெளியே வந்ததும் திரும்ப மூடிக்கொள்ளும். தோலில் அப்படி விலக நெய்த இழை கிடையாது. ஊசி வெட்டித்தான் உள்ளே போக வேண்டும். தோல் ஊசியின் முனை உளி போல இருப்பது அதற்காகத்தான். போட்ட ஓட்டை போட்டதுதான், பிரித்துத் திரும்பத் தைக்க முடியாது. தையலை நெருக்கிப் போட்டால் தபால் முத்திரையைக் கிழிக்கிற மாதிரி அந்த வரியிலேயே கிழியும். வெளியே வரும்போது தோல் ஊசியைக் கவ்விப் பிடித்துக்கொண்டு தானும் மேலே எழும்பும். பாதம் அதை அமுக்கிப் பிடிக்காவிட்டால் தையல் விடுபடும். ஆகவே ஜீன்ஸ் வித்தையைப் பார்த்து யாரும் காசு கொடுக்க வேண்டாம்.

நான் கொடுத்தேன்.

1992இல் கிராமங்களுக்கு இருநூறு ஆடைத் தொழிற்சாலை என்று ஒரு திட்டம் வந்தது ஞாபகமிருக்கும். அதற்கு முன்னும் பின்னும் நாடெல்லாம் கார்மென்ட் வந்தது. தொழிற்சாலைகள் மூடும்போதும் மெஷின் மாற்றும்போதும் அங்கிருந்து வெளியே வருவது பெரும்பாலும் ஜூக்கி கம்பனியின் டீ.டீ.எல். வகை, துணிக்கு நேர்த் தையல் போடும் மெஷின். மேசையோடு, மோட்டாரோடு மலிவாகக் கிடைக்கும். ஊசியும் உதிரிப் பாகமும் எந்த டவுனிலும் உண்டு. நாவலப்பிட்டிப் பக்கம் ஒருவரிடம் ஒன்று வாங்கினேன். ஜீன்ஸ் எட்டு மடிப்பு. வெண்ணெய் மாதிரித் தைத்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து பெல்ட்டைப் போட்டு மிதித்தேன். அவ்வளவுதான், தோல் என் கையை விட்டுப் பறந்துவிட்டது. எந்நேரமும் முழு வேகத்தில் சுற்றும் கிளச் மோட்டார், நிமிடத்துக்கு 2850 சுற்று. அந்த மெஷின் துணியில் நிமிடத்துக்கு ஐயாயிரம் தையல் வரை போடுவதற்காகச் செய்யப்பட்டது. அதில் ஒரு தையல் போட்டு நிறுத்துவது என்பது, பள்ளத்தில் போகும் லொறியிலிருந்து கால் ஊன்றி இறங்குவது போல. மெதுவாகவே ஓட்டினாலும் இன்னொரு கேடு, உள்ளே எண்ணெயை மேலே தள்ளும் பம்புக்கு வேகம் வேண்டும். நத்தை வேகத்தில் ஓட்டினால் மேல் பாகங்களுக்கு எண்ணெய் போய்ச் சேராது.

வேகத்தைக் கூட எப்படியாவது அடக்கலாம். அடக்க முடியாதது பல். அந்த மெஷினில் துணியை நகர்த்துவது கீழே இருக்கும் பல் மட்டும்தான், மேலே பாதம் சும்மா அழுத்திக்கொண்டிருக்கும். தோலின் மேற்பக்கம் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும், கீழ்ப்பக்கம் பல்லோடு போய்விடும். 60 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டி வெட்டி, பசை போடாமல் ஒன்றின் மேல் ஒன்று வைத்து தைத்துப் பார்த்தேன். தொடக்கத்தில் சரியாக இருந்தது, முடிவில் மேல் பட்டி 7 மி.மீ. வெளியே நீண்டு நின்றது. கீழ்ப் பட்டியைத் திருப்பினால் வரிசையாகப் பல்லுக் கடி, எலி கடித்த மாதிரி. பாதத்தைக் கழற்றி வழுக்கும் டெஃப்ளோன் பாதம் மாட்டினேன், பட்டிக்குக் கீழே கடுதாசி வைத்துத் தைத்தேன். ஓரளவு குறைந்தது. ஓரளவு குறைந்த பெல்ட்டை யார் வாங்குவார்கள்? இரண்டு மாதத்தில் ஆறாயிரம் ரூபாய் நட்டத்துக்கு ஒரு பள்ளிச் சீருடை தைக்கும் அக்காவுக்கு விற்றேன். அவருக்கு அது தங்கம்.

அந்த 7 மி.மீ.தான் எனக்குப் புத்தி சொன்னது. அதுவரை யாரைப் பார்த்தாலும் 'எத்தனை எச்.பி. மோட்டார், எவ்வளவு தடிப்பு குத்தும்' என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். குத்துவது பெரிய விஷயமில்லை. சக்கரத்தைக் கையால் திருப்பினால் கூட ஊசி குத்தும். கேட்க வேண்டிய கேள்வி, குத்திய பிறகு இந்தத் தோலை யார் நகர்த்துவது என்பதுதான்.

ஹட்டன் டவுனில் செருப்பு, சப்பாத்து தைக்கும் ஒரு பெரியவரிடம் சிங்கர் 29கே இருப்பதாகவும் அதை விற்கப் போவதாகவும் கேள்விப்பட்டுப் போனேன். பார்த்த உடனே ஆசை வந்துவிட்டது. யானைத் தும்பிக்கை மாதிரி ஒல்லியாக நீண்ட கை, அதன் நுனியில் தைக்கிற இடம். சப்பாத்துக்குள்ளேயே கையை விட்டுத் தைக்கலாம். இதில் கீழே பல்லே கிடையாது. மேலே இருக்கும் பாதமே தோலைக் கவ்வி இழுத்து நகர்த்தும். அந்தப் பாதத்தை முழு வட்டமாக எந்தத் திசைக்கும் திருப்பலாம், தோலைத் திருப்பத் தேவையில்லை. 'கே' என்பது ஸ்கொட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரில் இருந்த கில்போவி தொழிற்சாலையின் அடையாளம். 1885இல் திறந்து 1980இல் மூடினார்கள். நம் தோட்டங்களில் பாதிப் பெயர் ஸ்கொட்லாந்து ஊர்ப் பெயர்தான், 1867இல் லூல்கந்துரையில் தேயிலை போட்ட டெய்லரும் அந்த நாட்டுக்காரர். தேயிலை போனது அங்கே, மெஷின் வந்தது இங்கே.

பெரியவர் ஒரு பழைய பில் கடுதாசியை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"நூல் கோக்காம இதுல ஓட்டிப் பாரு தம்பி."

ஓட்டினேன். கடுதாசியில் வரிசையாக ஓட்டை விழுந்தது.

"இப்ப பத்து ஓட்டைய அள."

பத்து இடைவெளிக்கு 27 மி.மீ. வந்தது. அதாவது தையல் நீளம் 3 மி.மீ.கூட இல்லை. நீளத்தைக் கூட்டும் திருகாணி ஏற்கனவே கடைசியில்தான் நின்றது. அவர் சிரித்தார். "தேஞ்சிருச்சு. அம்பது வருசமா பாதத்த இழுத்து இழுத்து உள்ளுக்கு இருக்கிற நெம்புகோலெல்லாம் ஆட்டம் குடுத்துருச்சு. சப்பாத்துக்கு இது போதும். நீ பெல்ட்டு தைக்கிற ஆளு, ஒனக்கு நேர்கோடு வேணும். இது நேரா ஓடாது." விற்க வேண்டியவர் இப்படிச் சொன்னது எனக்கே ஆச்சரியம். கீழ் நூல் சுற்றும் பொபினையும் காட்டினார். சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது. தடித்த நூல் சுற்றினால் ஒரு பெல்ட் முடிவதற்குள் தீர்ந்துவிடும்.

நீங்கள் செருப்பு, சப்பாத்து, பள்ளிப் பை, ஸிப் மாற்றுவது என்று பழுது வேலை செய்பவராக இருந்தால், தேய்மானம் குறைந்த ஒரு 29கே கிடைத்தால் விடாதீர்கள். அதற்கு ஈடு இல்லை. வாங்கும்போது மேல் நூலை உள்ளே இழுக்கும் வளைந்த கம்பியையும் கேட்டு வாங்குங்கள். நூல் உள்ளே இருக்கும் குழாய்க்குள்ளாகத்தான் இறங்கும், அந்தக் கம்பி இல்லாமல் கோக்க முடியாது. பெரியவரின் மெஷின் இன்னும் அவரிடமேதான் இருக்கிறது. அந்தக் கடுதாசிச் சோதனையை மட்டும் இலவசமாக வாங்கி வந்தேன்.

அதன் பிறகு எங்கே போனாலும் ஒரு துணிப்பையோடுதான் போவேன். என் சொந்தத் தோலில் 3 மி.மீ. பட்டி இரண்டு, என் நூல், என் ஊசி, ஒரு டோர்ச், ஒரு சின்ன அடிமட்டம், கடுதாசி. விற்பவரின் துணியில் விற்பவரின் நூலால் தைத்துக் காட்டினால் 'நல்லாருக்கு அண்ணே' என்று சொல்லிவிட்டு என் பட்டியை நீட்டுவேன். கண்டியில் ஒரு கடையில் 'மல்லி, தோல் போட்டா ஊசி ஒடையும்' என்று கையைப் பிடித்தே தடுத்துவிட்டார். தோல் தைக்கும் மெஷின் என்று போர்ட் போட்டிருந்த கடை அது!

நடக்கும் பாதம் உள்ள மெஷினைத்தான் தேட வேண்டும் என்பது இதற்குள் தெளிவாகிவிட்டது. இதில் மேலே இரண்டு பாதம். ஒன்று அமுக்கிப் பிடிக்கும்போது மற்றது முன்னே எடுத்து வைக்கும், பார்க்கும்போது ஆள் நடக்கிற மாதிரியே இருக்கும். கீழே பல் நகரும். இவற்றோடு ஊசியும் தோலுக்குள் இருந்தபடியே பின்னால் நகர்ந்து போகும். மேல் பட்டி, கீழ்ப் பட்டி இரண்டையும் ஊசி ஆணி அடித்த மாதிரி சேர்த்துப் பிடித்திருப்பதால் ஒன்று நீள, ஒன்று குறுக வழியே இல்லை. சிங்கர் 111 டபிள்யூ 155, ஜூக்கி எல்.யூ. 563 எல்லாம் இந்த இனம். நம் ஊரில் இவற்றை வைத்திருப்பவர்கள் குஷன் வேலைக்காரர்கள், பஸ் சீட்டுக்கும் சோபாவுக்கும் ரெக்சின் தைப்பவர்கள். தோல் கடைகளில் கேட்காதீர்கள், குஷன் கடைகளில் கேளுங்கள்.

அப்படித்தான் நுவரெலியாவில் அது கிடைத்தது. ஹோட்டல் சோபாக்களுக்கு உறை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் வயதாகி வேலையை விட்டுவிட்டார். மகனுக்கு அந்த அறை தேவைப்பட்டது. எல்.யூ. 563, மேசையோடு. 'ஓடாது, சிக்கிருச்சு, இரும்பு விலைக்கு வேணும்னா எடுங்க' என்று மகன் சொன்னார்.

சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினேன். திரும்பவில்லை. ஆனால் திரும்பாததிலும் வகை இருக்கிறது. உள்ளே ஏதோ உடைந்தோ குறுக்கே விழுந்தோ இருந்தால் சக்கரம் கல்லில் முட்டியது போலச் சட்டென்று நிற்கும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். இது அப்படி இல்லை. அமுக்கினால் கொஞ்சம் கொடுத்தது, விட்டால் அங்கேயே நின்றது. களிக்குள் கரண்டியைத் திருப்புவது போல. மெஷினைப் பின்னால் சாய்த்து டோர்ச் அடித்தேன். தண்டுகளின் மேல் வெள்ளையாக, மெழுகு மாதிரி ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். தேங்காயெண்ணெய்.

மெஷின் எண்ணெய் தீர்ந்த நாளில் பெரியவர் கைக்குக் கிடைத்ததை ஊற்றியிருக்கிறார். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனால் உறையும். நுவரெலியா சராசரியே 16 பாகை. கொழும்பில் இந்த மெஷின் எப்படியோ ஓடியிருக்கும், நுவரெலியாவில் உறைந்தே போய்விட்டது. வருடக்கணக்கில் ஊறிய எண்ணெய் நூல் தூசியோடு சேர்ந்து பிசினாகவும் ஆகியிருந்தது. ஊசித் தண்டைப் பிடித்து முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பார்த்தேன், லொடலொடப்பு இல்லை. கீழே நூலைப் பிடிக்கும் கொக்கியின் நுனியை விரல் நகத்தால் வருடினேன், சிராய் இல்லை. ஊசித் தட்டின் ஓட்டையைச் சுற்றி ஊசி குத்திய தழும்பு இரண்டு, அது பரவாயில்லை. துரு மேலே மட்டும்தான். ஓட்டிப் பார்க்காமல் மெஷின் வாங்காதே என்று எல்லோருக்கும் சொல்வேன். அன்றைக்கு நானே அதை மீறினேன். இரும்பு விலை என்றபோது வேறென்ன செய்வது.

மெஷின் தலை மட்டும் முப்பது கிலோவுக்கு மேல். தெரிந்த மரக்கறி லொறி ஒன்று ராத்திரி கொழும்புக்குப் போகும் வழியில், லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவில் சாக்குச் சுற்றி வைத்து கொட்டகலையில் இறக்கித் தந்தது. நாலு நாளைக்கு மெஷினில் லீக்ஸ் வாசம்.

இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், வைத்து வேலையைத் தொடங்கினேன். முதல் நாள் ராத்திரி அடுப்பின் கதகதப்பு படுகிற தூரத்தில் வைத்தேன், எண்ணெய் இளகட்டும் என்று. காலையில் சக்கரம் கால்வாசி திரும்பியது. அதன் பிறகு அடுப்புப் பக்கமே கொண்டு போகவில்லை, ஏனென்றால் அடுத்தது மண்ணெண்ணெய். வெளியே வைத்து, பழைய பற்தூரிகையால் ஒவ்வொரு எண்ணெய் ஓட்டைக்கும் ஒவ்வொரு மூட்டுக்கும் மண்ணெண்ணெய். பொறுமையாக இரண்டு மணித்தியாலம் ஊற விட்டு, சக்கரத்தை வலிக்காமல் முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். பலத்தைக் காட்டினால் எங்கேயோ ஏதோ உடையும். மூன்று நாள். ஒழுகிய மண்ணெண்ணெய் முதலில் கறுப்பு, பிறகு தேன் நிறம், கடைசியில் தெளிவு. கொக்கிக்கு அடியிலிருந்து கோழி முட்டை அளவு நூல் பஞ்சு உருண்டை ஒன்றை இடுக்கியால் இழுத்தெடுத்தேன். அதில் ரோஸ், பச்சை, தங்க நிறம் என்று ஒவ்வொரு ஹோட்டல் சோபாவின் நூலும் இருந்தது.

மூன்றாம் நாள் சக்கரம் ஒரே விரலில் சுற்றியது. ஆனால் கீழே கொக்கி அசையவில்லை. ஊசி மட்டும் ஏறி இறங்கியது. நெஞ்சு பகீர் என்றது. பிறகுதான் ஞாபகம் வந்தது. இந்த வகை மெஷின்களில் ஒரு பாதுகாப்புக் கிளச் உண்டு. நூல் சிக்கிக் கொக்கி இறுகினால், உடையாமலிருக்க அது தானாகக் கழன்றுகொள்ளும். மேடையின் மேல் ஒரு சின்னப் பட்டன் இருக்கிறது. அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைப் பின்பக்கமாக அழுத்தித் திருப்பினால் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். மாட்டியது. பழைய கடையில் இந்த வகை மெஷினின் கொக்கி சுற்றவில்லை என்று விலையைக் குறைத்து விற்றால், முதலில் அந்தப் பட்டனைத் தேடுங்கள். சத்தமில்லாமல்.

மண்ணெண்ணெய் காய்ந்ததும் உண்மையான மெஷின் எண்ணெய் போட்டேன். என்ஜின் எண்ணெய் வேண்டாம், தடிப்பு. தேங்காயெண்ணெய் பற்றி இனிச் சொல்லத் தேவையில்லை.

இனி நான் செய்த முட்டாள்தனம். ஊசி வாங்க டவுனுக்குப் போனேன். இந்த மெஷினுக்கு டீ.பீ. 17 என்ற வகை ஊசி. கடையில் இருந்தது டீ.பீ. 5. 'ரெண்டும் ஜூக்கி ஊசிதான், காம்பு ஒரே அளவு, மாட்டிப் பாருங்க' என்றார்கள். மாட்டினேன், கச்சிதமாக இறங்கிற்று. நூல் கோத்து ஓட்டினால் ஒரு தையல்கூட விழவில்லை. நூலும் ஊசியும் மேலே போய் வந்தன, கீழ் நூலோடு சேரவே இல்லை. கொக்கியின் நேரம் தப்பிவிட்டது என்று நானே தீர்மானித்து, கொக்கியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி இரண்டு நாள். கடைசியில் கார்மென்ட்டில் மெக்கானிக்காக இருந்த ஒரு அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் மெஷினைத் தொடவே இல்லை. ஊசியைக் கழற்றி, தன் டப்பாவிலிருந்த ஒரு டீ.பீ. 17ஐ அதன் பக்கத்தில் மேசையில் வைத்தார். என்னுடையது 5 மி.மீ. குட்டை. கொக்கி வந்து தேடும் இடத்துக்கு ஊசிக் கண் இறங்கியே இருக்கவில்லை.

"மெஷின் சரி. ஆள்தான் பிழை" என்றார்.

நான் குழப்பி வைத்த கொக்கியையும் அவரேதான் திரும்ப வைத்தார். ஊசி ஆகக் கீழே போய், அங்கிருந்து 2 முதல் 2.5 மி.மீ. மேலே ஏறும் நேரத்தில் கொக்கியின் நுனி சரியாக ஊசிக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். அந்தக் கணத்தில் ஊசியின் பின்னால் நூல் ஒரு சின்னக் கண்ணியாக விரியும். கொக்கி அந்தக் கண்ணிக்குள் நுழையும். டோர்ச் வெளிச்சத்தில் சக்கரத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி அதை எனக்குக் காட்டினார். ஊசிக்கும் கொக்கிக்கும் நடுவில் ஒரு கடுதாசி போகும் அளவுதான் இடம். அதைப் பார்த்த பிறகு தையல் விடுபட்டால் எனக்குப் பயமில்லை. எங்கே பார்ப்பதென்று தெரியும்.

மோட்டாருக்குத்தான் காசு செலவானது. கூட வந்த கிளச் மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, புறக்கோட்டையிலிருந்து 550 வோட் சர்வோ மோட்டார் ஒன்றை வரவழைத்தேன். வேகத்தைப் பொத்தானில் குறைத்து வைக்கலாம், மிதிக்காதபோது சத்தமே இல்லை, கரண்ட் பில்லிலும் தெரியும். ஆனால் மிகக் குறைந்த வேகத்தில் இந்த மோட்டார்களுக்கு இழுவை குறையும், தடித்த தோலில் முக்கிக்கொண்டு நிற்கும். அதற்கு மருந்து மோட்டாரின் கப்பியைச் சின்னதாக்குவது. 75 மி.மீ. கப்பியை எடுத்துவிட்டு 45 மி.மீ. போட்டேன். வேகம் இன்னும் குறைந்தது, இழுவை கூடியது. மோட்டாரையும் மெஷினையும் இணைக்கும் பெல்ட்டின் நீளமும் மாறும் என்பதை மறந்து, அதற்காக இன்னொரு தடவை டவுனுக்கு.

நடக்கும் பாதத்திலும் அடியில் பல் இருந்தது, ரெக்சினுக்கு அது நல்லது, தோலில் தழும்பு விழும். அரத்தால் பல்லை அராவி, 400, பிறகு 800 நம்பர் மண் கடதாசியால் தேய்த்து வழவழப்பாக்கினேன். பழைய பாதம் என்பதால் கை நடுங்கவில்லை.

அப்புறம் என் சோதனை. அதே 60 செ.மீ. பட்டி இரண்டு, பசை இல்லாமல். 22ஆம் நம்பர் ஊசி, டெக்ஸ் 135 தடிப்புள்ள நைலோன் நூல், 4 மி.மீ. தையல். மேலும் கீழுமாக 6 மி.மீ. தோல். முடிவில் அடிமட்டத்தை வைத்தேன். இரண்டு பட்டியும் ஒரே இடத்தில் நின்றன. நூல் இறுக்கம் மட்டும் பிடிபட அரை நாள் ஆனது. மேல் நூலும் கீழ் நூலும் முடிச்சுப் போடும் இடம் தோலின் நடு வயிற்றில் ஒளிந்துகொள்ள வேண்டும். தடித்த தோலில் ஒளிய இடம் நிறைய, மெல்லிய தோலில் கொஞ்சம் பிசகினாலும் முடிச்சு புள்ளி புள்ளியாக அடியில் தெரியும். இதனால்தான் பர்ஸுக்கு இன்னும் அம்மாவின் சிங்கரிடமே போகிறேன், அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.

பெல்ட் ஒன்று இப்போது பன்னிரண்டு நிமிடம். கடைக்காரரின் இருபதும் முடிந்து போய்விட்டது. நுவரெலியா கிரெகரி வாவிப் பக்கம் குதிரைச் சவாரி விடுகிற ஒருவர் சித்திரை சீசனுக்கு முன்பு சேணத்து வார்கள் கொண்டு வந்தார். ஓரத் தையல், அலங்காரத் தையல் எல்லாவற்றையும் மெஷினில் போட்டேன். வயிற்றுப் பட்டியில் பக்கிள் மாட்டுகிற அந்த மூன்று அங்குலத்தை மட்டும் கையால்தான் தைத்தேன். மெஷின் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் அக்கம்பக்கத்துத் தையலும் தளர்ந்து கழன்று வரும். இரண்டு ஊசிக் கைத்தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். சவாரி போவது யார் பிள்ளையோ. அவர் அவசரப்படுத்தினார், நான் விட்டுக்கொடுக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பின் தையல் நெம்புகோலை அழுத்தினால் ஊசி முன்பு போட்ட ஓட்டையில் விழாமல் அரை மி.மீ. தள்ளி விழுகிறது. பெல்ட்டின் முடிவில் அது அசிங்கமாகத் தெரியும். இப்போதைக்கு நெம்புகோலைத் தொடுவதில்லை. முடிவில் ஊசியைத் தோலுக்குள் விட்டு, பட்டியைத் திருப்பிப் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி அதே ஓட்டைகளில் மூன்று தையல் போட்டு, நூலை அடிப்பக்கம் இழுத்து வெட்டி லைட்டரால் சுடுகிறேன். மெக்கானிக் அண்ணன் வந்தால் கேட்க வேண்டும். வைகாசியில் மழை பிடித்தால் இரும்பில் துரு, தோலில் பூஞ்சணம். பொலித்தீனால் மூடினால் உள்ளே வியர்த்து இன்னும் மோசம், பழைய சேலை ஒன்றால் மூடி வைத்திருக்கிறேன்.

அம்மா அந்த மெஷினை ஒரு மாதம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் காம்பரா அக்காவின் கொழுந்துச் சாக்கை எடுத்து வந்தார். தலையில் மாட்டும் பட்டி கிழிந்திருந்தது.

"இத அந்த ராட்சசன்ல போடு. திங்கக்கிழம பிரட்டுக்கு முந்தி வேணுமாம்."

மிச்சத் தோல் துண்டொன்றை நெற்றி படும் இடத்தில் மடித்து வைத்து, நாலு மடிப்புச் சாக்கோடு சேர்த்துத் தைத்தேன். அம்மா பக்கத்திலேயே நின்று பாதம் நடப்பதைப் பார்த்தார். முடிந்ததும் சாக்கை வாங்கிக்கொண்டு, மேசைக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுக்கு என்ன எண்ணெய் ஊத்துற?"